செயல்திட்டக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைநேர வகுப்பு நடத்தியும், நோட்டுப் புத்தகம் வழங்கியும், கல்லூரியில் சேரப் பணமின்றி நின்றார்க்குக் கைகொடுத்தும் வந்துள்ள இச்சங்கம், வெள்ளிவிழா மேடையில் பாடம் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு ஒரு பள்ளித் தலைமையாசிரியரை அழைத்திருப்பது பாராட்டுதற்குரியது. விழா என்றால் மாலையும் பொன்னாடையும் என்று ஆகிவிட்ட காலம் இது. நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, செயல்திட்டவழிக் கற்றலின் நன்மைகளும் இடர்ப்பாடுகளும் என்பதாகும். நன்மையைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. நம் தெருப் பிள்ளைகளுக்கு அதில் என்ன கிடைக்கும், என்ன பறிபோகும் என்பதைத்தான் நாம் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

செயல்திட்டம் என்று எதனைக் கூறுகின்றோம்? ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டு, எழுதி, ஒப்புவிப்பது ஒரு முறை. ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, மாணவர் சிலர் கூடிச் சில வாரம் உழைத்து, அளந்து, விசாரித்து, எழுதி, தாம் கண்ட விடையைப் பலர் முன் வைப்பது பிறிதொரு முறை. இப்பின்னதே செயல்திட்டம். 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலைப் பெற்றோர் பலர் அறிவர். ஏணிப்படியும் அட்டைகளும் கொண்ட அம்முறையில் பிள்ளை செல்ல வேண்டிய வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. செயல்திட்டத்திலோ விடை ஆசிரியர்க்கும் தெரியாதிருக்கலாம். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இதனைக் கண்டு அஞ்சுவதற்கு முதற்காரணம் அதுவே என்பதை மறைப்பதற்கில்லை.

அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரில் 1896 இல் ஜான் டியூயி என்னும் பேராசிரியர் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். சமைத்தும், தைத்தும், மரவேலை செய்தும், அவற்றினூடே கணக்கும் அறிவியலும் வரலாறும் பிள்ளைகள் கற்றனர். பின்னர் அவர் நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர்வழி நின்ற கில்பாட்ரிக் என்பார் 1918 இல் செயல்திட்ட முறை என்னும் கட்டுரையை வெளியிட்டார். இம்முறைக்கு உலகெங்கும் பெயர் வந்தது அக்கட்டுரையால்தான். அதே கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை பயின்றவர் அண்ணல் அம்பேத்கர். டியூயியின் வகுப்பில் அமர்ந்தவர் அவர். தம் ஆசிரியருக்குத் தாம் பட்டிருக்கும் கடனை 1936 இல் வெளிவந்த சாதி ஒழிப்பு நூலில் வெளிப்படையாகவே எழுதியுள்ளார். பழமையில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என ஆராய்ந்து தெரியும் உரிமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு என்ற எண்ணத்தை அவர் அவ்வகுப்பறையிலிருந்து கொண்டுவந்தார் என்று கூறலாம். ஆதலால் இதனை வேற்றார் வீட்டுச் சரக்கு என்று நாம் ஒதுக்க வேண்டுவதில்லை.

எனினும் நம் நாட்டில் கைவேலைக் கல்விக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1937 இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பும் நெசவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பொது என்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் 1953 இல் சென்னை மாநிலத்தில் நிகழ்ந்தது யாது? சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழக வேண்டும் என்று இராஜாஜி அரசு ஒரு திட்டம் கொணர்ந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். பெற்றோரின் தொழில் என்றால் வணிகர் மகனுக்குக் கடை, நம் மகனுக்கு? மாட்டுக் கொட்டகையும் பறைமேளமும் பிணக்குழியும் அன்றோ! நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின், 1954 இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

எழுபது ஆண்டுகள் கழிந்தும் அந்த வடு ஆறவில்லை. எம் பள்ளியில் செயல்திட்டம் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் விளக்கியபோது ஒரு தாய் எழுந்து, "சார், மண்ணுல எறங்க நாங்க பத்தாதா? புள்ளைய எழுதப் படிக்க வைங்க" என்றார். கல்வியியல் நூல் எதுவும் படியாத அவ்வம்மையார் கேட்டதைவிடக் கூர்மையான வினாவை நாம் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. இவ்வுரை முழுவதையும் அவருக்குரிய மறுமொழியாகவே கொள்ள வேண்டுகின்றோம்.

நாம் பணியாற்றும் பள்ளி ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் உள்ளது. எட்டாம் வகுப்பினர் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேற்கொண்ட செயல்திட்டத்தைச் சற்று விரித்துரைக்கின்றோம். வினா எளியது: நம் ஏரியில் நிற்கும் நீர் இன்னும் எத்தனை நாள் வரும்?

முதலில் மழையை அளக்கக் கற்றனர். எறியப்பட்ட தண்ணீர்ப் புட்டிகளுள் பக்கங்கள் நேராக உள்ள ஒன்றைத் தேர்ந்து, மேற்பகுதியை அறுத்துக் கவிழ்த்துப் புனலாக வைத்தனர். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருத்தலின் கூழாங்கல் இட்டு ஒரு கோடு வரை நீர் ஊற்றி, அக்கோட்டிலிருந்து அளவுகோல் ஒட்டினர். செலவு ஏதுமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இவ்வொரு செய்தியை அறிந்த பிள்ளைக்குக் கதவு திறந்துவிடுகிறது. இருநூறு சதுர மீட்டர்க் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஒரு எக்டேர் நிலத்தில் அதே மழை இரண்டரை இலட்சம் லிட்டர். இதனைக் கரும்பலகையில் பெருக்கிக் கண்ட ஒரு சிறுவன், "அவ்வளவும் எங்க சார் போச்சு?" என்று கேட்டான். ஆவியாதல், நிலத்தில் ஊறுதல், வரத்துக்கால் தூர்ந்து கிடத்தல் ஆகிய மூன்று பாடங்களும் அவன் வினாவிலிருந்தே பிறந்தன. பாடநூலில் அவை மூன்று வெவ்வேறு பக்கங்களில் உள்ளன.

அடுத்து ஏரி. பரப்பை ஆழத்தால் பெருக்கினால் கொள்ளளவு வரும் என்பது பாடம். மாணவர் அவ்வாறே கணக்கிட்டு, மதகின் படி ஒன்று இறங்க இத்தனை நாள், ஆகவே எஞ்சிய படிகளுக்கு இத்தனை நாள் என்று ஒரு விடை கண்டனர். பின்னர் ஊரில் நீர்கட்டியாக இருந்த முதியவர் ஒருவரிடம் விசாரிக்கச் சென்றனர்.

நீர்கட்டி என்பவரை இக்காலப் பிள்ளைகள் அறியார். மதகு திறந்து, கால்வாய் வெட்டிக் கட்டி, வயலுக்கு வயல் முறை வைத்து நீர் பாய்ச்சும் பணி, வடமாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் வழிவழியாக நம் மக்களுடையதாக இருந்தது. அறுவடைக் களத்தில் அளந்து தரும் நெல்லே கூலி. ஊரார்க்கெல்லாம் நீரைப் பங்கிட்டுக் கொடுத்தவருக்கு அந்நீர் பாயும் நிலம் பெரும்பாலும் இருந்ததில்லை. ஊர்க் கிணற்றில் ஒரு குடம் மொள்ளும் உரிமையும் இருந்ததில்லை.

மாணவர் கூறிய கணக்கைக் கேட்ட அம்முதியவர் சிரித்தார். "மேல்படித் தண்ணி பத்து நாள் வரும்டா. அடிப்படித் தண்ணி மூணு நாள் தாங்காது" என்றார். ஏன் என்ற வினாவுக்கு, "அது அப்படித்தான்" என்பதற்கு மேல் அவரால் விளக்க இயலவில்லை. விளக்கத்தை வகுப்பறை தேட வேண்டியதாயிற்று. நீர் இறங்க இறங்க, ஒவ்வொரு படி குறையும்போதும் ஆசிரியர் துணையுடன் நீர்விளிம்பைச் சுற்றி அடியெண்ணி நடந்தனர். கட்டத்தாளில் அவ்விளிம்பை வரைந்து உள்ளே அடங்கிய கட்டங்களை எண்ணினர். ஏரியின் அடி தாம்பாளம் போல் தட்டையாக இல்லை, சட்டி போல் குழிந்திருக்கிறது; ஆழம் குறையும்போதே நீர் நிற்கும் பரப்பும் சுருங்கிவிடுகிறது; ஆதலின் ஒவ்வொரு கீழ்ப்படியும் மேற்படியைவிடக் குறைந்த நீரையே கொண்டுள்ளது என்பது புலனாயிற்று. முதியவர் கூறிய விகிதம் கட்டங்களின் எண்ணிக்கையோடு ஏறத்தாழப் பொருந்தியது. அவர் ஒருபோதும் கூறியிராத ஒன்றையும், அதாவது அந்நீர் எத்தனை லிட்டர், எத்தனை ஏக்கர் நெற்பயிருக்குப் போதும் என்பதையும் மாணவர் கணக்கிட்டனர்.

அம்முதியவரின் பேத்தி அவ்வகுப்பில் பயின்றாள். அறிக்கையின் முதற்பக்கத்தில் 'தகவல் தந்தவர்' என்று எழுதி, அதன் கீழ் அவர் பெயரை முழுமையாக எழுதியவள் அவளே. எழுத்தறியாத அவர் அப்பக்கத்தை இருமுறை படித்துக் காட்டச் சொன்னாராம். அவ்வாண்டு அவளுடைய கணித மதிப்பெண் வியக்கத்தக்கவாறு உயர்ந்துவிட்டதா என்றால், இல்லை, சிறிதே உயர்ந்தது. ஆனால் வகுப்பில் வினா எழுப்பும் பிள்ளையாக அவள் மாறினாள். செயல்திட்டத்தின் நன்மை என்று நாம் கருதுவது இதனையே. நம் பிள்ளை பள்ளிக்கு வரும்போது வாயிலில் தன் வீட்டை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. வீட்டுப் பேச்சு, வீட்டுத் தொழில், வீட்டுப் பெரியவர் அனைத்தும் வகுப்பில் வெட்கத்திற்குரியன ஆகிவிடுகின்றன. தன் பாட்டன் அறிவாளி என்பதைக் கட்டத்தாளில் மெய்ப்பித்த பிள்ளைக்கு அவ்வெட்கம் குறைகிறது.

இனி இதன் மறுபக்கம். அச்செயல்திட்டத்தைப் பார்வையிட வந்த ஒருவர் மிக மகிழ்ந்து, "இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் இயல்பாக வருகிறது. கணக்கு, ஆங்கிலம் என்று வருத்தாமல் இதிலேயே பழக்குங்கள்" என்று நம்மிடம் கூறினார். பாராட்டாகவே கூறினார், அவர் நெஞ்சில் தீய எண்ணம் இருந்ததாக நாம் கருதவில்லை. ஆயினும் 1953 திரும்பவும் வந்து நம் தலைமையாசிரியர் அறை நாற்காலியில் அமர்ந்ததைப் போல் இருந்தது. பாட்டனின் அறிவிலிருந்து பேத்தி கணக்கிற்குச் செல்ல வேண்டும். பாட்டனின் மதகிற்குத் திரும்பிச் செல்லுதல் கூடாது. செயல்திட்டம் என்ற பெயரால் நம் பிள்ளைகளுக்குக் கைவேலையும், பிறர் பிள்ளைகளுக்குத் தலைவேலையும் என்று வகுக்கப்படுமாயின் நாம் அதனை எதிர்த்தே தீர வேண்டும்.

இவ்வாறு வகுப்பது பெரும்பாலும் ஆணையிட்டு நடைபெறுவதில்லை. குழுவுக்குள்ளேயே ஓசையின்றி நடைபெறுகிறது. ஆறு பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவைக் கவனித்துப் பாருங்கள். எழுதுபவர் யார்? மேடையேறிப் பேசுபவர் யார்? மண் சுமப்பவர், இடத்தைக் கூட்டித் துடைப்பவர் யார்? ஆசிரியர் ஒன்றும் கூறாமல் விட்டுவிட்டால், ஊரில் உள்ள வேலைப்பங்கீடு வகுப்பறைக்குள்ளும் வந்துவிடும். துடைப்பம் தானாகவே ஒரு தெருப் பிள்ளையின் கையைத் தேடிச் செல்லும். அதிலும் பெண் பிள்ளையின் கையை. இக்காரணத்தால் எம் பள்ளியில் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படியே அமைக்கின்றோம். எழுதுதல், அளத்தல், பேசுதல், கூட்டுதல் என்னும் நான்கும் வாரந்தோறும் முறைமாறும். அம்முறை சுவரில் எழுதி ஒட்டப்படும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே உடன்பயில்வோரால் வெட்டப்பட்டதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், 2024 இல் அளித்த அறிக்கையில், மாணவரை அகரவரிசைப்படி அமர்த்துமாறு பரிந்துரைத்தது. சிறிய ஏற்பாடு என்று தோன்றலாம். செய்து பார்த்தவர்க்குத் தெரியும், முதல் வாரம் எத்தனை பெற்றோர் பள்ளி வாயிலில் வந்து நிற்கின்றனர் என்பது!

ஊருக்குள் சென்று விவரம் திரட்டும் செயல்திட்டங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. வீட்டுக்கு வீடு சென்று கேட்டுவருக என்று எழுதிவிடுவது எளிது. ஊர்த்தெருவில் நம் பிள்ளை ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறினால் என்ன நேரும்? "நீ எந்தத் தெரு? யார் மகன்?" என்பது அவன் கேட்கும் முதல் வினாவாக இருக்கும். அவ்வாறான இடங்களுக்கு ஆசிரியரே உடன் செல்லல் வேண்டும். அல்லது ஏரி, பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை முதலிய பொதுவிடங்களில் முடியும் செயல்திட்டத்தைத் தேர்தல் வேண்டும். பிள்ளையை அவமதிப்புக்கு அனுப்பிவிட்டு அதற்கு மதிப்பெண் இடுவது கல்வியாகாது.

பணச்செலவைப் பற்றி நீண்டு பேச வேண்டுவதில்லை, பெற்றோர் நன்கறிவீர்கள். 2012 இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. மனப்பாடச் சுமையைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்த மாதமே கடைகளில் ஆயத்தப் படங்கள் தொங்கின. சார்ட்டு, தெர்மாகோல், வண்ணத்தாள், கணினி மையத்தில் அச்சிட்ட பக்கங்கள் என மாலைப் பொழுதில் தாய்மார் அலைந்தனர். அம்மதிப்பெண் பிள்ளையின் உழைப்புக்கா, தந்தையின் பணப்பைக்கா? கடையில் வாங்கிய பொருள் எதுவும் இடம்பெறலாகாது என்று ஆசிரியர் ஒரு சொல் கூறினால் இத்தொல்லை பாதி தீரும். கைப்பேசியும் அத்தகையதே. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியுடன் தந்தை வேலைக்குச் சென்றுவிட, பிள்ளை பாடமின்றி இருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

எல்லாவற்றினும் பெரிய இடர்ப்பாடு எழுத்தறிவைப் பற்றியது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுள் சிலர் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலாதிருக்கின்றனர். குழுவில் நன்றாக எழுதும் ஒருவன் அனைத்தையும் எழுதிவிட, இவர்கள் அருகில் நின்று வேடிக்கை பார்ப்பர். அறிக்கையில் மட்டும் அறுவர் பெயரும் இருக்கும். வீட்டில் சொல்லித்தர ஆளுள்ள பிள்ளை பள்ளியில் விளையாடினாலும் வீட்டில் கற்றுக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் பயிலும் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறிடம் இல்லை. அவனுக்கு எழுத்தும் வாய்ப்பாடும் இலக்கணமும் நேரடியாக, பொறுமையாக, திரும்பத் திரும்பக் கற்பிக்கப்படல் வேண்டும். தானே கண்டறியட்டும் என்று அவனை விட்டுவிடுவது, நீந்தக் கற்பிக்காமல் கிணற்றில் இறக்குவதை ஒக்கும். ஆதலால் வாரத்தில் நான்கு நாள் வழக்கமான பாடமும், ஒருநாள் பிற்பகல் செயல்திட்டமும் என்பதே நாம் கொண்டுள்ள முறை. குழுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கத்தைத் தானே எழுத வேண்டும். பிழையிருப்பின் திருத்தி மீண்டும் எழுத வேண்டும். புதுமை விரும்பும் நண்பர்கள் சிலர் இதனைப் பழமை என்பர். பழமையாகவே இருக்கட்டும்.

மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் பதினாறு அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியற் கல்வி முயற்சி தொடங்கப்பட்டது. சிற்றூர்ப் பிள்ளைகள் நால்வர் நால்வராகக் கூடி, மலிவான பொருள்களைக் கொண்டு சோதனை செய்து அறிவியல் கற்றனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்த்தே விடை எழுதலாம். வினாக்கள் அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அம்முயற்சி 2002 இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. முப்பதாண்டு வளர்ந்த மரம் ஓர் ஆணையில் சாய்ந்தது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே கற்பிக்க வேண்டும் என்று கூறுகிறது. சட்டம் கூறிவிட்டது, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வோ இன்றளவும் மூன்று மணி நேரத்தில் எழுதித் தீர்ப்பதையே கேட்கிறது. அத்தேர்வில் வெல்லாத நம் பிள்ளைக்கு ஏரிக்கணக்கு தெரியும் என்று எந்தக் கல்லூரியும் இடம் தரப்போவதில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம்.

ஆசிரியர் படும் பாட்டையும் ஒரு சொல்லில் கூற வேண்டும். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் ஏரிக்கரை சென்று திரும்ப இயலாது. இரண்டு வகுப்பை ஒருங்கே வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர், பதிவேடும் இணையப் பதிவும் முடித்து, அதன் பின் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வது எங்ஙனம்? விருப்பம் இல்லாமை ஒரு பங்கு என்றால், ஆளும் நேரமும் இல்லாமை மூன்று பங்கு.

இவ்விடத்தில்தான் சங்கத்தின் துணையை நாடுகின்றோம். 1993 முதல் நடைபெற்று வரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிற்கு நம் நாட்டின் சிற்றூர்ப் பிள்ளைகள் தத்தம் ஊர்ச் சிக்கலை ஆராய்ந்து, தம் தாய்மொழியிலேயே கட்டுரை படைக்கின்றனர். தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இப்பணியில் நெடுங்காலம் உழைத்துள்ளது. நம் மாலைநேர மையங்களிலிருந்து ஆண்டுக்கு இரண்டு குழுவேனும் அதற்குச் செல்ல வேண்டும். மையம் ஒவ்வொன்றிற்கும் முப்பது மீட்டர் அளவுநாடா ஒன்று, கட்டத்தாள் கட்டு ஒன்று, எடைத்தராசு ஒன்று வாங்கித் தருமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். இம்மன்றத்தில் படித்து இன்று பொறியாளராகவும் கணக்கராகவும் செவிலியராகவும் பணியாற்றுவோர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மையத்திற்கு வந்து, பிள்ளைகளின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தால் ஆசிரியரின் பாரம் பாதி குறையும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். செயல்திட்ட நாளில் பெண் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாமதமாக வீடு திரும்புவர். அவர்களை அழைத்து வர ஆசிரியை ஒருவர் உடன் வருவார். தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அந்நாளில் அவர்களை முன்னதாக அழைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பேசிய அத்தாய்க்கு நாம் தந்த உறுதியை உங்கள் அனைவர்க்கும் தருகின்றோம்: உங்கள் பிள்ளை மண்ணில் இறங்கும் நாளில், மாலைக்குள் அதனைப் பற்றி ஒரு பக்கம் தன் கையால் எழுதியிருக்கும். அப்பக்கத்தை வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பக்கம் இல்லையெனில், பள்ளிக்கு வந்து நம்மைக் கேளுங்கள்.